தையல் இல்லாத தோள்

மியூசியத்திலிருந்து வந்த மின்னஞ்சலை ஷெறோன் சத்தமாக வாசித்தபோது, அவளுடைய தாய் பியற்றிஸ் ஒரு மணப்பெண்ணின் பாவாடைக் கரையை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள். டூட்டிங் கடையில் சனம் குறைந்திருந்த மத்தியானம்.

“அம்மா, உங்கட கோட்டை வைக்கப் போகினமாம். லண்டனுக்கு வந்த பொம்பிளையளின்ர உடுப்பு எண்டு ஒரு கண்காட்சி. நான்தான் உங்களுக்குச் சொல்லாமல் படம் அனுப்பினனான்.”

“எந்தக் கோட்?”

“தோளில தையல் இல்லாத கோட். டிசைன், பியற்றிஸ் ஆனந்தராஜா எண்டு போடுவினமாம்.”

பியற்றிஸ் உதட்டிடுக்கில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டாள். அந்தக் கோட்டை வெட்டியவள் அவள்தான், தைத்தவளும் அவள்தான். ஆனால் அதன் யோசனை கினுயே ஹசேபேயுடையது.

குரோய்டனில் அகதி விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வேலை தேடி அலைந்த நாட்களில், அவளைத் தன் தையற்கூடத்தில் சேர்த்துக்கொண்டவர் மிஸ் ஹசேபே. அப்போதே அவருக்கு அறுபது வயது. போரில் எரிந்துபோன ஒரு ஜப்பானிய ஊரில், இருபது வயதில் தையற்பள்ளி தொடங்கியவர். முதல் வகுப்பில் பதினொரு பெண்கள், எல்லோரும் புருஷனைப் போரில் பறிகொடுத்தவர்கள். துணி கிடைக்காததால் இராணுவப் போர்வைகளைப் பிரித்துச் சட்டை தைக்கப் பழக்கினாராம். பெண்கள் கிமோனோவைக் கழற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. அவருடைய மாணவிகள் ஊருக்கு ஊர் பள்ளி திறந்தார்கள். அவர் பெயரில் கடைகள் வந்தன. பிறகு எல்லாவற்றையும் அவர்களிடமே விட்டுவிட்டு லண்டனுக்கு வந்தார். போட்டவளால் பஸ்ஸைத் துரத்திப் பிடிக்க முடியாவிட்டால் அது உடுப்பே இல்லை என்பார்.

ஒரே துணியை மடித்து, தோளில் தையலே வராமல் ஒரு கோட்டை வெட்ட வேண்டும் என்று பத்து வருஷம் யோசித்தார். கண் சத்திரசிகிச்சைக்குப் போன அன்று, காகிதத்தில் வெட்டிய மாதிரியை பியற்றிஸிடம் கொடுத்து, “வந்ததும் சேர்ந்து முடிப்போம்” என்றார். பியற்றிஸ் காத்திருக்காமல் தானே தைத்து முடித்தாள். கணவனுக்கு வேலை போயிருந்தது. ஷெறோன் வயிற்றில். ஒரு பெரிய கடையின் ஆட்கள் வந்து முடித்த கோட்டைப் பார்த்து, யாருடைய யோசனை என்று கேட்டார்கள். என்னுடையது என்றாள். அவள் பெயரிலேயே கோட் கடைக்கு வந்தது. அந்த ஒரு சொல்லோடு மிஸ்ஸைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் அடைபட்டுப் போயிற்று. தன்னிடமிருந்த தையற்கூடக் கதவுத் திறப்பைத் தபாலில் அனுப்பிவிட்டாள். மிஸ் கடிதம் எழுதவில்லை, வழக்கும் போடவில்லை. அந்த மௌனத்தை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று பியற்றிஸ் இருபத்தேழு வருஷம் முயன்று பார்த்தாள்.

அடுத்த வியாழக்கிழமை கோட்டை எடுத்துக்கொண்டு அடிஸ்கோம்பில் உள்ள முதியோர் இல்லத்துக்குப் போனாள். மிஸ் அங்கே இருப்பது அவளுக்கு இரண்டு வருஷமாகவே தெரியும். பழைய ரீச்சர் என்று மட்டும் சொல்லியிருந்ததால் ஷெறோனும் ஆசையாக வந்தாள்.

ஜன்னலோரக் கதிரையில் மிஸ் இருந்தார். பார்வை முற்றாகப் போயிருந்தது. பியற்றிஸ் வாய் திறப்பதற்குள் ஷெறோன் கோட்டை அவருடைய மடியில் விரித்தாள். “இது அம்மா டிசைன் செய்தது, மிஸ்” என்றாள் ஆங்கிலத்தில்.

மிஸ்ஸின் விரல்கள் கழுத்துப்பட்டியிலிருந்து கீழே நகர்ந்தன. தோளுக்கு வந்ததும் நின்றன. பிறகு மறுதோளையும் தடவின.

“நல்ல வேலை. உன் அம்மா கெட்டிக்காரி” என்றார் மிஸ்.

அவர் காட்டிக்கொடுத்திருந்தால் பியற்றிஸ் தாங்கியிருப்பாள்.

“இல்லை, மிஸ்” என்றாள். “இது உங்களுடையது. நான் களவெடுத்தேன்.”

ஷெறோன் சிரிக்கப் பார்த்தாள். தாயின் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மிஸ் கோட்டை மடிக்கத் தொடங்கினார். “கோட்டின் மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது” என்றார். “கண்ணில் கட்டோடு ஒன்பது நாள் கிடந்தேன். யார் நடந்து வந்தாலும் நீதான் என்று நினைத்தேன்.”

பியற்றிஸ் அவருடைய காலடியில் குந்தி இருந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க வந்தவளுக்கு எதற்குக் கேட்பது என்றே தெரியாமல் போயிற்று.

“என் பேரைப் போடச் சொல்” என்றார் மிஸ். “நான் செத்த பிறகு வேண்டாம். இப்போதே.”

திரும்பும்போது ட்ராமில் ஷெறோன் பக்கத்தில் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

“பள்ளிக்கூடத்தில கட்டுரை எழுதினனான் அம்மா, அந்தக் கோட்டைப் பற்றி. நீங்கள்தான் எழுத்துப் பிழை பார்த்தனீங்கள்.”

“ஓம்.”

“ஒரு சொல்லும் சொல்லேல்ல.”

“பயந்திட்டன், பிள்ளை.”

“மியூசியத்துக்கு நீங்களே எழுதுங்கோ. என்னால ஏலாது.”

ஷெறோன் முன்னே போய், பாதையைப் பார்த்திருந்த தனி இருக்கையில் இருந்தாள். பியற்றிஸ் போனை எடுத்து மியூசியத்துக்கு எழுதத் தொடங்கினாள். மிஸ்ஸின் பெயர் வந்த இரண்டாம் வரியில் நிறுத்தி நிமிர்ந்தாள். ட்ராம் வளைவில் திரும்ப, வெயில் விலகி, முன்கண்ணாடியில் ஷெறோனின் முகம் விழுந்தது. அதன் ஊடாகத் தண்டவாளமும் கடைகளும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் கண்ணை மூடியிருக்கிறாளா, கண்ணாடியில் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று பின்னால் இருந்தவளுக்குத் தெரியவில்லை.