பத்தொன்பதாம் ஆண்டின் கோடு

விருதுக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது என்பதால் அதன் வரலாற்றை ஒரு சிறு புத்தகமாக எழுதித் தரும் வேலை எனக்குக் கிடைத்தது. மூன்று மாத வேலை. விருதுக் குழுவின் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்தளத்தில் இரண்டு அறைகள். முன்னறையில் செயலாளர். பின்னறையில் ஐம்பது ஆண்டுகளின் கோப்புகள், ஒரு ஜன்னல், நான். ஜன்னலுக்குக் கீழே சைக்கிள் பழுது பார்க்கும் கடை. யாரோ ஒருவருடைய சக்கரம் காற்றில் சுற்றும் சத்தம் நாள் முழுவதும் மேலே வந்துகொண்டிருக்கும்.

விருதை ஏற்படுத்தியவர் ஒரு மருந்துக் கடைக்காரரின் மனைவி. அவர் பிறந்த ஊரில் கிணறு வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் மண் சரிந்து இறந்துபோனார். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் அவர் வெட்டிய கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். கல் நடலாம் என்று கூடிப் பேசியபோது அவருடைய பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ‘கிணற்றுக்காரர்’ என்றே பொறித்தார்கள். அந்த வெட்கம் தாளாமல்தான் அந்த அம்மாள், கிராமங்களுக்கு உழைத்தவர்களுக்கென்று இந்த விருதைத் தொடங்கினார். விதிகளையும் அவரே எழுதிவைத்தார். பரிந்துரையை ஊர்க்காரர்களே எழுத வேண்டும். ஊர் அவரை எப்படி அழைக்கிறதோ அந்தப் பெயரிலேயே எழுத வேண்டும். சம்பந்தப்பட்டவருக்கு மூச்சுக் காட்டக் கூடாது. தேர்வானதும் குழு ஒரு பதிவுத் தபால் அனுப்பும். அதை அவர் கையெழுத்திட்டு வாங்கி, சம்மதம் என்று எழுதி அனுப்பினால்தான் விருது.

அதனால் பட்டியலில் இரண்டு கட்டங்கள். முதலில் ஊர் அழைத்த பெயர், அடுத்து சொந்தப் பெயர். ஊசியம்மா, ஓடக்கார மாமா, லாந்தர் டீச்சர், மாட்டு டாக்டர் என்று வரிசையாகப் போகும். முதல் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தால், நான் இதுவரை போகாத ஒரு ஊருக்குள் நடந்துபோவது போல இருக்கும். பத்தொன்பதாம் ஆண்டில் மட்டும் இரண்டு கட்டங்களிலும் ஒரே நீளமாக ஒரு கோடு.

செயலாளரிடம் கேட்டேன். அவர் வந்து பன்னிரண்டு வருடம்தான் ஆகிறது, அவருக்குத் தெரியவில்லை.

“மழைன்னு எழுதிடும்மா,” என்றார். “மழைன்னு போட்டா எந்த வருஷத்தையும் யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க.”

அன்று மதியம் அந்த ஆண்டின் கோப்பைப் பிரித்தேன். மேலாக ஒரு பதிவுத் தபால் உறை இருந்தது. பிரிக்கப்படாதது. ‘இருமல்காரர், மேல் ஊர்கள்’ என்று முகவரி. குறுக்கே சிவப்பு மையில் இன்னொரு கை எழுதியிருந்தது: ‘இப்பெயரில் எவரும் இல்லை. மூன்று ஊர்களிலும் விசாரிக்கப்பட்டது. ஏழாம் நாள் திருப்பி அனுப்பப்படுகிறது.’

அது என் அப்பாவின் கையெழுத்து. என் பள்ளிக்கூட நோட்டுகளுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதித் தந்த கை. ‘ரு’வின் சுழியை மேலே தூக்கி, அடுத்த எழுத்துக்குக் குடை பிடிப்பது போல விரிப்பார். வேறு யாரும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

அப்பா இருபத்தாறு வருடம் மேல் ஊர்களுக்குத் தபால் கொண்டுபோனவர். மலைச்சரிவில் மூன்று ஊர், அப்போது சாலை கிடையாது. ஓய்வு பெற்ற நாளுக்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆண்டுதோறும் செய்தித்தாளில் விருதுச் செய்தி வரும் நாளில் மட்டும் ஒரு வாக்கியம் சொல்வார். அவர்கள் எழுதியதையெல்லாம் நான் சுமந்தேன், எனக்காக ஒரு வரி எழுத அங்கே ஒரு கை இல்லை என்பார். அம்மா இருந்தவரை, ஆணியடிக்கச் சுவரில் இடமில்லாத வீட்டுக்கு விருது ஒரு கேடா என்று வாரிவிடுவார். அப்பா சிரிக்கமாட்டார்.

உறைக்குக் கீழே பரிந்துரைக் கடிதம். ஒன்பது தாள்கள். ஆசிரியர் ஒருவரின் எழுத்து, பின்னால் நாற்பத்து மூன்று வீடுகளின் கையெழுத்தும் கைநாட்டும்.

‘அவர் வருமுன் அவருடைய இருமல் வரும். கடைசி வளைவில் அது கேட்டதும் யாராவது ஒருவர் “கேட்டுச்சு” என்று குரல் கொடுப்பார். எல்லாக் கதவுகளும் திறக்கும். கடிதம் வராத வீட்டுக்கும் போய், இன்று இல்லை, வழியில் இருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்வார். துக்கச் செய்தி என்றால் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்திருப்பார். படித்து முடித்ததும் அதை அவர்களுக்கே கொடுப்பார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. நேரில் அண்ணே என்போம். அவர் இறங்கிப்போன பிறகு இருமல்காரர் என்போம். இது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வருத்தப்படுவார்.’

குழு அந்த ஆண்டு ஒரே மனதாக அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. உறைக்கு முகவரி எழுதியவர் ஒன்பது தாள்களையும் படித்திருக்கமாட்டார். மேலே செருகியிருந்த, பெயரும் ஊரும் மட்டும் குறித்த துண்டுச் சீட்டைப் பார்த்து எழுதியிருப்பார். தபால்காரருக்கு வந்த கடிதத்தைத் தபால்காரரே எடுத்துக்கொண்டு ஆளைத் தேடி அலைந்திருக்கிறார். கோப்பின் கடைசித் தாள் குழு ஊர்க்காரர்களுக்கு எழுதிய ஒரு வரியின் கார்பன் பிரதி: ‘தாங்கள் பரிந்துரைத்தவர் எங்கள் கடிதத்தைப் பெற மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.’ அதையும் மேலே கொண்டுபோனது அப்பாவாகத்தான் இருக்கும்.

செயலாளர் எல்லாவற்றையும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். “இந்த விருதை ரெண்டு தடவை கையில வாங்கின ஒரே ஆள் உங்கப்பாதான்மா. கொண்டு போக ஒரு தடவை, கொண்டு வர ஒரு தடவை,” என்றார். பிறகு, அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டார். நான் சொன்னேன். நுரையீரலில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவர் வீட்டுக்கு அனுப்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. செயலாளர் மேஜை இழுப்பறையிலிருந்து சம்மதப் படிவம் ஒன்றை எடுத்தார். உயிரோடு இருப்பவர் கையெழுத்திட்டால் முப்பத்தொரு வருடம் கழித்தும் செல்லும், ஆனால் புத்தகம் பத்து நாளில் அச்சுக்குப் போகிறது என்றார். உறையையும் கோப்பின் தாள்களையும் வெளியே எடுத்துப் போக அனுமதித்தார். அதுவரை எந்தக் காகிதமும் அந்த அறையைத் தாண்டியதில்லை.

அப்பாவின் கட்டில் ஜன்னலோரம் கிடந்தது. முதுகுக்கு மூன்று தலையணை வைத்தால்தான் மூச்சு வரும். ஒன்பது தாள்களையும் மெதுவாகப் படித்துக் காட்டினேன். தண்ணீர் வரும் இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, படி என்று சைகை காட்டினார்.

அதன் பிறகு உறையைக் கொடுத்தேன். முதலில் தபால் முத்திரையின் தேதியைப் பார்த்தார். பிறகுதான் தன் கையெழுத்தை.

“மூணு ஊர்லயும் கேட்டேன் பாப்பா. இருமல்காரர்னு யாராவது இருக்காங்களான்னு. குழாயடியில தண்ணி பிடிச்சிட்டிருந்த ஒரு பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிடுச்சு. பெரியவங்கல்லாம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, அப்படி யாரும் இல்லையேண்ணேன்னாங்க. யாரோ சீக்காளியைக் காட்டிக்கொடுக்காம மறைக்கிறாங்கன்னு நெனச்சேன்.” மூச்சு வாங்கினார். “நானும் இருமிக்கிட்டேதான் கேட்டிருப்பேன்.”

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அது அடங்க வெகுநேரம் ஆனது. நான் கார்பன் பிரதியைப் படிக்கவா வேண்டாமா என்று யோசித்தேன். என் கையில் இன்னொரு தாள் இருப்பதை அவரே பார்த்துவிட்டார்.

அதைப் படிக்கக் கேட்டதும் அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மிச்சமில்லாமல் போயிற்று. அந்தத் தபால் வந்த மழைக்காலத்துக்குப் பிறகுதான் எல்லாம் மாறியது என்றார். வளைவில் இருமினால் குரல் வராது. பாதி திறந்த கதவு வழியாகக் கை மட்டும் நீண்டு கடிதத்தை வாங்கிக்கொள்ளும். படித்துச் சொல்லச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கடைசி நாள் ஏறிப்போய், நாளையிலிருந்து வேறு ஆள் வருவார் என்று வீடு வீடாகச் சொன்னபோது, சரிண்ணே என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். தன்னை அவர்களுக்குச் சலித்துவிட்டது என்று நினைத்திருந்தாராம்.

“கோவத்துல திருப்பி அனுப்பிட்டேன்னா நெனச்சாங்க? பதிமூணு வருஷமா?”

நான் படிவத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“ஏழாவது நாள் திரும்பிப் போன தபால் அது. இனிமே கேட்டு வாங்க எனக்கு உரிமை இல்லை. பட்டுவாடா ஆகலை, அவ்வளவுதான்.” பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “விருது கெடக்குது. நீ ஒருதடவை மேல போய்ச் சொல்லிட்டு வா. கோவம் இல்லைன்னு சொல்லிட்டு வா.”

ஞாயிற்றுக்கிழமை காலைப் பேருந்தில் போனேன். இப்போது சாலை இருக்கிறது, இரண்டு மணி நேரம்தான். சாலை வந்ததும் அதன் வழியாகவே ஆட்கள் இறங்கிப் போய்விட்டார்கள் போல. பாதிக்குமேல் வீடுகளில் பூட்டு. ஆசிரியர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. குழாயடிக்கு எதிரே ஒரு தையல் கடை மட்டும் திறந்திருந்தது. ஐம்பதை நெருங்கும் ஒரு பெண் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார். வாங்கிய குவளையை, குடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கே அது தெரியவில்லை.

மிதிப்பது நின்றது. என்னையும் குவளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீ அவர் பொண்ணா?” என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணியைத் தடவிக்கொண்டே கேட்டார். அன்று வாயைப் பொத்திக்கொண்டு ஓடிய பெண் அவர்தான்.

“என் சிரிப்புலதான் அவருக்குப் புரிஞ்சுபோச்சு, மனசு உடைஞ்சு திருப்பி அனுப்பிட்டாருன்னு மூணு ஊரும் என்னைத் திட்டிச்சு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவர் முன்னால நிக்கிறது? எங்கம்மா சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நல்ல பேரா ஒண்ணு யோசிச்சு எழுதியிருக்கலாமேன்னு.”

குவளையை அவரிடமே கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்தார். ஊசிக்கு அடியில் கிடந்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு, கடையைப் பூட்டி, என்னோடு பேருந்தில் ஏறினார். வழியில் ஒருமுறை, அப்பாவுக்கு உண்மையில் என்ன பெயர் என்று கேட்டார். சொன்னேன். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, பொருந்தவில்லை என்பதுபோலத் தலையசைத்தார்.

எங்கள் வீடு இரண்டாம் மாடி. முதல் மாடித் திருப்பத்தில் ஏறும்போது மேலேயிருந்து இருமல் கேட்டது. அந்த அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“கேட்டுச்சு,” என்றார், யாரிடமும் இல்லாமல்.

அப்பாவுக்கு அன்று காலையிலிருந்தே பேச்சு குறைந்திருந்தது. பார்த்துக்கொள்ள வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரம்மா, சாப்பாடு எதுவும் இறங்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அக்கா கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். யார் என்று நான் சொல்வதற்குள் அப்பா அவரைப் பார்த்தார். தலையணைக்கு அடியில் கைவிட்டு உறையை எடுத்தார். முகவரியைக் கண்ணுக்கு அருகே பிடித்து, தெரியாத முகவரியைப் படிப்பவர் போல ஒருமுறை படித்தார்.

“இருமல்காரர்னு இங்க யாராவது இருக்காங்களாம்மா?”

அவர் முந்தானையால் வாயைப் பொத்தினார். இந்தமுறை ஓடவில்லை.

“இருக்காருண்ணே,” என்றார்.

அப்பா பேனா கேட்டார். முப்பத்தொரு வருடத்துக்கு முன் சிவப்பு மையில் தான் எழுதிய வரியை அடிக்க முயன்றார். கோடு பாதியில் விலகி முகவரியின் மேல் போயிற்று. அதைத் திருத்தவேண்டும் என்று மறுபடியும் பேனாவை ஊன்றியவர், அப்படியே தூங்கிப்போனார்.

படிவத்தை நான் அதன் பிறகு நீட்டவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார். மேல் ஊர்களிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். மீதிப் பேரைத் தேட முகவரி இல்லை. விதியை மீற முடியாது என்று செயலாளர் மிகவும் சங்கடப்பட்டார். புத்தகம் குறித்த நாளில் வெளிவந்தது. அதன் கடைசிப் பட்டியலில், பத்தொன்பதாம் ஆண்டுக்கு நேரே, அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. மழை என்று நான் எழுதவில்லை.