ஆரஞ்சு வயிறு

ஏஞ்சல் மீன் ஜோடி மூன்றாவது முறையாக முட்டையிட்ட காலையில், சிஸ்டர் வேலைச் சீருடையோடு தொட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தத் தடவை குஞ்சுங்க பட்டினி கிடந்து சாகக்கூடாது. சொல்லிட்டேன்."

"முட்டை போட்டது மீனு. முறைக்கிறது என்னையா?" என்றான் அவள் புருஷன், வாய் நிறையப் பற்பசை நுரையோடு.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டில் எல்லோரும் சிஸ்டர், சிஸ்டர் என்று கூப்பிட்டு அது தெருவரைக்கும் ஒட்டிக்கொண்டது. கட்டிய புருஷனே சில நேரம் வாய் தவறி "சிஸ்டர், காப்பி இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். அவன் வாஷிங் மெஷின் மெக்கானிக். கூடவே இருக்கும் அவன் தங்கை, அதாவது சிஸ்டரின் நாத்தனார், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நடுவில் வீட்டில் இருப்பவள் அவள் ஒருத்திதான்.

ஏஞ்சல் குஞ்சு நீந்தத் தொடங்கியதும் உயிருள்ள இரைதான் கேட்கும். அசையாத தூளைத் தூவினால் திரும்பிக்கூடப் பார்க்காது. உப்புத் தண்ணீரில் ஆர்ட்டீமியா முட்டையைப் போட்டு அடியிலிருந்து காற்று விட்டால், மறுநாள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துள்ளுகிற பூச்சிகள் வெளியே வரும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நாளெல்லாம் கொடுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மீன் தொட்டியின் நல்ல தண்ணீரில் பூச்சி செத்து அழுகிவிடும். கொடுக்காமல் விட்டால் குஞ்சு செத்துவிடும். சிஸ்டரோ காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவாள்.

முதல் ஈட்டுக் குஞ்சுகள் அப்படித்தான் போயின. இரண்டாவது ஈட்டுக்கு, மத்தியானம் மட்டும் இரை போடுகிறேன் என்று நாத்தனார் ஒப்புக்கொண்டாள். பாவம், பசிக்குமே என்று இரக்கப்பட்டுப் பாட்டிலையே கவிழ்த்துவிட்டாள். மறுநாள் தொட்டித் தண்ணீர் வெளுத்து நாறியது. அன்றிலிருந்து அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. "என் கை ராசியில்லாத கை அண்ணி, என்னைக் கேக்காதே" என்று ஒதுங்கிவிட்டாள்.

வண்ணமீன் கடைக்காரர் வேறு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார். "வேலைக்குப் போறவங்களுக்கு இதெல்லாம் சரிப்படாதும்மா. யாராவது ஒருத்தர் வீட்டோட கிடக்கணும். பெரிய மீனா வாங்கிட்டுப் போங்க, அழகா இருக்கும்."

அது சிஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது.

"துணி துவைக்கற மெஷின் தானா தண்ணி எடுக்குது, தானா அலசுது, தானா நிக்குது" என்றாள் புருஷனிடம். "ஒரு ஸ்பூன் தண்ணி ஊத்த ஒரு மெஷின் பண்ண உங்களால முடியாதா?"

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. முட்டை பொரிந்து குஞ்சு நீந்த ஒரு வாரம்கூட இல்லை. அன்றைக்கே பட்டறையிலிருந்து ஒரு பை நிறைய உதிரி சாமான் வந்து இறங்கியது.

முதலில், மெஷினுக்குள் தண்ணீர் விடுகிற வால்வைப் பாட்டிலுக்குக் கீழே மாட்டினான். மின்சாரம் கொடுத்தால் 'ஙொய்' என்று முனகியதே தவிர ஒரு சொட்டு இறங்கவில்லை. பாட்டிலை அலமாரி மேல் ஏற்றினான், பரணுக்கே ஏற்றினான். "மாடித் தொட்டியிலேர்ந்து தண்ணி அழுத்தி வந்தாத்தான் இது திறக்கும்" என்று கடைசியில் தலையைச் சொறிந்தான். அடுத்து, அழுக்குத் தண்ணீரை வெளியே தள்ளுகிற பம்ப். அது அழுத்தத்துக்கு ஒன்றும் குறைவைக்கவில்லை. பாட்டில் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் எதிர்ச்சுவரில் அடித்து, இஸ்திரி போட்டு மாட்டியிருந்த நாத்தனாரின் சட்டைமேல் வழிந்தது.

"அண்ணா, மீனுக்குச் சோறு போடறியா, என்னைக் குளிப்பாட்டறியா?"

மூன்றாவதாக சிஸ்டரே ஒரு வழி சொன்னாள். டிரிப்ஸ் குழாயில் சொட்டைக் கூட்டிக் குறைக்கிற சின்னச் சக்கரம். கொஞ்ச நேரம் அழகாகச் சொட்டியது. அவள் கைதட்டக்கூடச் செய்தாள். பிறகு பூச்சிகள் குழாயில் படிந்து, ஒன்றன்மேல் ஒன்று அடைத்து, சொட்டு நின்றுபோனது. கசக்கிவிட்டால் திரும்ப ஓடும், திரும்ப அடைக்கும். இதற்குள் முட்டைகள் பொரிந்து, வால் முளைத்த புள்ளிகளாக, மீன் முட்டையிடத் தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்த சிலேட்டில் ஒட்டிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தன.

அன்று வார்டில் சிஸ்டர் ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள். பாதரசக் கருவி. கையில் பட்டையைச் சுற்றி, திருகை மூடி, ரப்பர் பந்தை அழுத்தினாள். பாதரசம் கண்ணாடிக் குழாயில் விறுவிறுவென ஏறியது. திருகைத் தளர்த்தினாள். காற்று புஸ்ஸென்று போக, பாதரசம் சறுக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டது. குழாய் சுத்தம்.

அவள் திரும்பவும் மூடினாள். ஏறியது. திறந்தாள். இறங்கியது.

"அடடா!" என்றாள் வாய்விட்டு.

பெரியவர் முகம் வெளிறிவிட்டது. "என்ன சிஸ்டர்? அவ்ளோ அதிகமா?"

"ஐயையோ, உங்களுக்கு நல்லாயிருக்கு ஐயா! ரொம்ப நல்லாயிருக்கு!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டாள். "இத்தனை நாளா நாம தண்ணிக்கு வால்வு போட்டுக்கிட்டிருந்தோம். காத்துக்கு வால்வு போடணுங்க. பாட்டில் மூடியில மூணு ஓட்டை. ஒண்ணு வழியா காத்து உள்ள போகுது, பூச்சி உயிரோட இருக்க அது எப்பவும் வேணும். இன்னொண்ணு வழியா காத்து வெளிய போயிடுது. மூணாவது, தொட்டிக்குப் போற குழாய். காத்து வெளிய போற வழியை மட்டும் அடைச்சா?"

மெக்கானிக் எழுந்துபோய் மூடியில் மூன்று துளை போட்டான். பாட்டிலைத் தொட்டியைவிடத் தாழ்வாக ஒரு முக்காலியில் வைத்து, ஏர் பம்பை ஓடவிட்டு, காற்று வெளியேறும் ரப்பர் குழாயை இரண்டு விரலால் நெரித்தான். பூச்சித் தண்ணீர் மூன்றாவது குழாயில் மளமளவென்று ஏறித் தொட்டிக்குள் விழுந்தது. விரலை எடுத்தான். குழாயில் மிச்சமிருந்தது மொத்தமும் பாட்டிலுக்கே திரும்பி ஓடிவந்துவிட்டது. அடைக்க அங்கே எதுவும் தங்கவில்லை.

நெரித்தான், விட்டான், நெரித்தான், விட்டான்.

"போதும் விடுங்க, விளையாட்டு சாமானா அது?" என்றாள் சிஸ்டர். ஆனால் அடுத்த முறை அவள்தான் நெரித்தாள்.

"சரி, நாள் பூரா நெரிக்கறது யாரு?" என்று வாசல்படியிலிருந்து கேட்டாள் நாத்தனார். "அண்ணன் விரலை வெட்டி வெச்சுட்டு வேலைக்குப் போவானா?"

மெக்கானிக் அப்போதுதான் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். "விரல்தானே? என்கிட்ட ஒரு மூட்டை இருக்கு."

துவைத்து முடிந்ததும் அழுக்குத் தண்ணீர் போகும் கதவைச் சுண்டி இழுக்க, மெஷினின் அடியில் ஒரு சின்ன மோட்டார் உண்டு. அதை ஒரு பலகையில் திருகி, அது இழுக்கும்போது ஒரு தகடு வந்து ரப்பர் குழாயை நெரிக்கும்படி வைத்தான். எப்போது இழுக்க வேண்டும் என்று சொல்ல, பழைய மெஷினின் திருகு குமிழுக்குப் பின்னால் இருக்கும் டைமர். உள்ளே மேடும் பள்ளமுமாக ஒரு சக்கரம் மெதுவாகச் சுற்றும். மேடு வந்தால் ஸ்விட்ச் விழும். ஒரே ஒரு சின்ன மேட்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் அரத்தால் ராவித் தள்ளினான்.

எடுத்த எடுப்பில் எல்லாம் நடந்துவிடவில்லை. மூடியில் காற்று கசிந்தது, பசை பூசினார்கள். பிறகு குழாயின் நுனி தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கியிருந்ததால், தகடு விலகியதும் தொட்டித் தண்ணீர் தலைகீழாகப் பாட்டிலுக்கு ஓடிவந்து, முக்காலியைச் சுற்றிக் குளம் கட்டியது. நாத்தனார் துடைப்பத்தை எடுத்து வந்தாள். நுனியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டியபின் அதுவும் சரியானது.

குஞ்சுகள் சிலேட்டை விட்டு எழும்பி நீந்திய காலையில், சிஸ்டர் பொரித்து வைத்திருந்த பூச்சிகளை டார்ச் வெளிச்சத்தின் பக்கம் கூடவைத்து, ஓடு கலக்காமல் உறிஞ்சி எடுத்து, மெஷினின் பாட்டிலில் நிரப்பினாள். ஸ்விட்சைப் போட்டாள். ஒரு தடவை மேடு வந்து, தகடு நெரித்து, குழாயிலிருந்து வாய் கொப்பளிக்கும் அளவுக்குத் தண்ணீர் விழுவதைப் பார்த்துவிட்டு, அரை மனதோடு பஸ் ஏறினாள்.

அன்று பார்த்துத்தானா அப்படி ஆக வேண்டும்! அடுத்த ஷிப்டுக்கு வர வேண்டிய நர்ஸுக்குக் காய்ச்சல்; சிஸ்டர்தான் தொடர்ந்து நிற்க வேண்டும் என்று மத்தியானமே சொல்லிவிட்டார்கள். மெக்கானிக்கோ வெளியூர் ஹோட்டல் ஒன்றில் சலவை இயந்திரம் பழுது பார்க்கப் போயிருந்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகப்போகிறது என்றே அவளுக்குத் தோன்றியது. தகடு சிக்கிக்கொண்டிருந்தால்? மோட்டார் நின்றிருந்தால்? மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, பயப்படாதே. உன் குஞ்சுங்களுக்கு என்னமோ ஆயிடுச்சு."

"என்ன ஆச்சு?"

"நான் தொடலை. சத்தியமா கையே வைக்கலை. சும்மா எட்டிப் பார்த்தேன். எல்லாத்துக்கும் வயிறு உப்பியிருக்கு. ஆரஞ்சுக் கலர்ல இருக்கு."

சிஸ்டர் வண்டியை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். "எல்லாத்துக்குமா? நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். ஒண்ணு விடாம. சாகப்போகுதா அண்ணி? யாராவது டாக்டரைக் கேளேன்."

"அடி பைத்தியம்! அது பூச்சியோட நிறம்டி! தின்னிருக்கு! வயிறு முட்டத் தின்னிருக்கு!"

அந்தப் பக்கத்திலிருந்து போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டிய அளவுக்கு ஒரு கூச்சல். சிஸ்டரும் பதிலுக்குக் கத்திவிட்டாள். தலைமை நர்ஸ் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்குக் குழந்தை பிறந்துச்சு?" என்று கேட்டார்.

"எங்க வீட்லதான் மேடம். இருநூறுக்கு மேல இருக்கும்."

புருஷனுக்குச் சொன்னபோது அவன் சலவை அறை நடுவில் நின்று ஸ்பேனரைத் தூக்கிப் போட்டுப் பிடித்தானாம். அவனே பிறகு சொன்னது.

மறுநாள் காலை கால் வீங்கி வீடு வந்த சிஸ்டர், தொட்டிக்கு முன்னால் நாத்தனார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். "வா, வா, இப்பப் போடும் பாரு" என்று கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். 'டொக்' என்று தகடு விழுந்தது. தண்ணீரில் ஆரஞ்சுப் புகை ஒன்று பரவியது. குஞ்சுக் கூட்டம் மொத்தமும் மூக்கை நீட்டிக்கொண்டு அதற்குள் பாய்ந்தது. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வேன் எடுக்க நேரமாகும்வரை அங்கிருந்து நகரவில்லை.

நாள் போகப் போகக் குஞ்சுகளுக்கு மேலும் கீழும் துடுப்பு நீண்டு, முக்கோணமாக வடிவம் வந்தது. விஷயம் காதில் விழுந்து வண்ணமீன் கடைக்காரரே வீட்டுக்கு வந்துவிட்டார். தொட்டியை ஒரு சுற்று சுற்றினார்.

"யாரு வீட்டோட இருந்து பாத்துக்கிட்டீங்க?"

"யாருமே இல்லை" என்று நாத்தனார் முந்திக்கொண்டாள். "அண்ணி ஆஸ்பத்திரியில, அண்ணன் பட்டறையில, நான் வேன்ல. இதோ இந்த ஐயாதான் பாத்துக்கிட்டாரு" என்று பலகையைக் காட்டி, காற்று எந்த வழியாகப் போகிறது, எந்த வழி அடைபடுகிறது என்று தானே கண்டுபிடித்த மாதிரி விளக்கத் தொடங்கினாள்.

கடைக்காரர் குனிந்து, நெரிக்கும் தகட்டையே கண்கொட்டாமல் பார்த்தார். "என் கடைக்கும் ஒண்ணு செஞ்சு தருவீங்களா?" என்று மெக்கானிக்கைக் கேட்டார்.

"வீட்டம்மாவைக் கேளுங்க. யோசனை அவங்களுது. நான் திருகு முடுக்கினவன்."

சிஸ்டர் அவரை இன்னொரு 'டொக்' விழும்வரை காக்கவைத்தாள். குஞ்சுகள் பாய்ந்ததைப் பார்த்து அவர் "அப்பா!" என்றபோதுதான், "செஞ்சு தரோம்" என்றாள்.

அடுத்து மூன்று பேருக்கும் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்த நாளில், பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டுக் காலி வேனில் கடற்கரைக்குப் போனார்கள். மெக்கானிக் கால்சட்டையை மடித்துவிட்டுக் கரையோரமே நின்றான். சிஸ்டர் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"இன்னும் உள்ள வாங்க. இன்னைக்கு அவசரமே இல்லை."