மஞ்சள் மேல் சிவப்பு

அந்தக் குடும்பத்தில் சின்னவனுக்கு ஆயிலு என்று பெயர். வைத்த புண்ணியவான் அவனுடைய அண்ணன். அண்ணன் பிள்ளைகளும் ஆயில் சித்தப்பா என்றுதான் கூப்பிடும். அவன் யாருக்காவது ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாலும் போதும், "ஆயில் ஊத்தினியாடா?" என்று ஒருவர் கேட்பார், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பதினோரு வருடமாக ஒரே ஜோக்.

அப்பாவின் பட்டறையில் ஒரு தோட்டத்து டிராக்டர் இருந்தது. புல் வெட்டும், சின்ன டிரெய்லர் இழுக்கும், அவ்வளவுதான். பதினோரு வருடத்துக்கு முன்பு ஒரு நாள் காலை சின்னவன் அதை எடுத்துக்கொண்டு போனான். தெருமுனை தாண்டவில்லை, இன்ஜின் கடக்கென்று இறுகி நின்றுவிட்டது. உள்ளே சொட்டு ஆயில் இல்லை. முந்தின நாள் பழைய ஆயிலை இறக்கிய ஆள் புதிதை ஊற்ற மறந்திருக்கிறான்.

அந்த ஆள் யார் என்று கண்டுபிடிக்கப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டைக் கடைசியாக முடுக்குகிறவர் அதன் மேல் தன் நிறத்தில் பெயிண்ட் கோடு போட வேண்டும். அப்பாவுக்கு வெள்ளை, பெரியவனுக்கு மஞ்சள், சின்னவனுக்குச் சிவப்பு. அன்று அப்பாதான் வண்டியை உள்ளே தள்ளி, கதவைச் சாத்திக்கொண்டு, அடியில் படுத்துப் பார்த்தார். வெகுநேரம் கழித்து வெளியே வந்து ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"செகப்பு."

சின்னவன் முந்தின நாள் மூன்று வண்டிகளுக்கு ஆயில் மாற்றியிருந்தான். இதைத் தொட்டதாக அவனுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் குனிந்து பார்த்தால் கோடு சிவப்பாகத்தான் இருந்தது. அதற்கு மேல் என்ன வாயைத் திறப்பது? இனி பட்டறைப் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்றார் அப்பா. பட்டறை பெரியவன் கைக்குப் போனது. சின்னவன் எவனோ ஒருவனிடம் இரும்பு கேட்டுக்கு வெல்டிங் அடிக்கப் போனான். வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள்.

போன மாதம் பெரியவனுக்கு அந்த இடம் தேவைப்பட்டது. "உன் கைவரிசைதானே, நீயே எடுத்துட்டுப் போடா" என்றான். சின்னவன் மறுபேச்சில்லாமல் இழுத்துக்கொண்டு வந்தான்.

"காயலாங்கடையில போடுறத விட்டுட்டு இதுக்கு ஏங்க உயிர விடுறீங்க?" என்றாள் மனைவி.

"ஓட வெச்சுக் காட்டணும். அப்பா பார்த்து, சரிடா, நல்லா பண்ணியிருக்கன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அது போதும்."

விசிறி மூடியைக் கழற்றினால் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகக் கெட்டித்திருந்தது. பிளக் துளை வழியாக டீசல் ஊற்றி ஐந்து நாள் ஊறவிட்டு, சக்கரத்தை இம்மி இம்மியாக அசைத்துத்தான் இன்ஜினைப் பிரிக்க முடிந்தது. கடைசியாக அடியில் இருந்த, ஆயில் இறக்குகிற டிரெயின் போல்ட்டைக் கழற்றி, அழுக்குப் போக பெட்ரோலில் தேய்த்தான். சிவப்பு, செதில் செதிலாக உரிந்தது. அதற்கடியில் மஞ்சள் இருந்தது.

சின்னவன் போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்தான். தலையின் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கட்டைவிரல் ரேகை. ரேகைக்குக் குறுக்கே ஒரு வெட்டு. கோடு போட்டால் வழிந்ததைக் கட்டைவிரலால் வழித்துவிடுவது அப்பாவின் பழக்கம். அந்த விரலைச் செயின் வெட்டியபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதே சின்னவன்தான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆனாலும் வேலையை விடவில்லை. புது ராடு, புது ரிங் போட்டு, வேறு போல்ட் முடுக்கி, ஆயில் ஊற்றி, அளவை மூன்று தடவை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை வண்டியை ஓட்டிக்கொண்டே அண்ணன் வீட்டு வாசலுக்குப் போனான். அப்பா நாற்காலியில் இருந்தார். பழைய போல்ட்டை அவர் மடியில் வைத்தான்.

அப்பா அதைப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்குத்தான் உங்கண்ணனுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்க வந்திருந்தாங்க" என்றார் மெதுவாக. "கவனமில்லாத பயன்னு பேர் வந்துட்டா சம்பந்தம் நிக்குமா? நீ தாங்கிக்குவேன்னு நெனச்சேன்டா."

"அண்ணனுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாது. தான் இறக்கினதையே மறந்துட்டு, நீதான்னு நம்பிட்டிருக்கான். சொல்லிடாதப்பா. அவன் தாங்க மாட்டான்."

சின்னவனுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. தாங்குகிறவன் என்று ஒருவனைப் பொறுக்கி எடுத்து அவன் தலையிலேயே கட்டுவதற்குப் பெயர் பாசமா?

அதற்குள் சத்தம் கேட்டுப் பெரியவன் வெளியே வந்தான். பின்னாலேயே பிள்ளைகள்.

"அட, ஓடுதே! ஆயில் ஊத்தினியாடா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சின்னவன் அப்பா மடியிலிருந்த போல்ட்டை எடுத்து அண்ணன் உள்ளங்கையில் வைத்தான்.

"நான் ஊத்தினேண்ணே. அன்னைக்கு நீதான் ஊத்தல. பாரு, அடியில மஞ்சள்."

பெரியவன் போல்ட்டைப் பார்க்கவே இல்லை. தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"பதினோரு வருஷம் யோசிச்சு இதத்தான் கண்டுபிடிச்சியா? கேட்டீங்களாப்பா, ஆயிலு சொல்றத!"

சின்னவன் அப்பாவைப் பார்த்தான். இப்போது ஒரு வார்த்தை போதும். நிறத்தின் பெயரைச் சொன்னாலே போதும்.

அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்து மாட்டிக்கொண்டார். பிறகு பெரியவனோடு சேர்ந்து சிரித்தார்.