பச்சை ஒட்டு டேப்

டேப்புகளை வைக்கும் கிடங்கில் பெட்டியைத் திறந்தாள். உள்ளே இருந்தது மஞ்சள் ஒட்டு போட்ட டேப்.

"என்ன தங்கச்சி, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?" என்றார் வேன் ஓட்டுகிற அண்ணன்.

"பச்சைய மெஷின்லயே திருப்பி மாட்டிட்டேண்ணே."

ஆஸ்பத்திரியின் எல்லா சர்வர்களும், ரத்தப் பரிசோதனை டேட்டாபேஸும் மாலையானால் ஒரே டேப்பில் நகலாக ஏறும். ஒருநாள் பச்சை, மறுநாள் மஞ்சள். எழுதி முடித்ததைக் காலையில் கழற்றி இந்தக் கிடங்குக்கு அனுப்பிவிட்டு, இங்கிருந்து வந்ததை மெஷினில் மாட்டுவது அவள் வேலை. இன்று மதியம் டேட்டாபேஸ் இருந்த டிஸ்க் மண்டையைப் போட்டுவிட்டது. நேற்றைய நகலை எடுத்துவர இன்ஜினியர் தம்பி அவளை விரட்டினான். நகலோ மெஷினுக்குள்ளேயே கிடக்கிறது. மாலை ஷெட்யூல் தானாகக் கிளம்பினால், மிச்ச சர்வர்களைப் பச்சையின் மேலேயே எழுதித் தள்ளிவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் நேற்றைய முடிவுகள் வராது. ரத்தம் கொடுத்த அத்தனை பேரையும் மறுபடி குத்த வேண்டியதுதான்.

குழந்தை வார்டில் அவள் மகனும் கிடக்கிறான். ரத்தம் எடுக்க நரம்பு கிடைக்காமல் நேற்று அவன் கையைத் துளைத்து எடுத்தார்கள். வீறிட்ட சத்தம் இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. காலையில் இரண்டு டேப்பையும் மேசைமேல் வைத்திருந்த நேரத்தில்தான் புருஷன் போன் செய்தான், பிள்ளைக்கு மறுபடி காய்ச்சல் என்று. புத்தி அங்கே போனது, கை இங்கே மாற்றிவிட்டது.

இன்ஜினியருக்குப் போன் போட்டாள். போகவில்லை. மெஷின் அறைக்குள் சிக்னல் எங்கே நுழைகிறது?

"ஏறு, பறந்துரலாம்" என்றார் அண்ணன். பறக்கவா முடிந்தது? சாலை முழுக்க வண்டி.

மடியிலிருந்த மஞ்சளைப் புரட்டினாள். டேப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டு உண்டு. தள்ளிவிட்டால் மெஷின் அதில் எழுதாது. கழற்றியதைப் பூட்டுவாள், மாட்டப்போவதைத் திறப்பாள்.

"அண்ணே, இதோட பூட்டு திறந்திருக்கு."

"அதுக்கென்ன?"

"பூட்டைச் சரியாத் தள்ளிட்டு, அப்புறந்தான் டேப்பை மாத்தியிருக்கேன். அப்போ பச்சை பூட்டியிருக்கணும்."

"இருக்கணுமா, இருக்குதா?"

அவள் மறுபடி இன்ஜினியருக்குப் போன் போட்டுப் பார்த்தாள்.

"பூட்டி மட்டும் இருக்கட்டும். பூட்டுக்காரின்னு உன்னைக் கிண்டல் பண்ணுன வாயை நானே தச்சுக்கறேன்."

"முதல்ல ஹாரன அடிங்கண்ணே."

ஆஸ்பத்திரி வாசலில் வேன் நிற்குமுன்னே குதித்து ஓடினாள். நடைவழியிலேயே மெஷின் கத்துவது கேட்டது. உள்ளே இன்ஜினியர், கண்ணெல்லாம் சிவந்து, கையில் பச்சையோடு நின்றான்.

"வாங்கக்கா. இதுக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சு, எழுத மாட்டேங்குது. யாரோ பூட்டியே மாட்டியிருக்காங்க. திறந்து விட்டா..."

அவன் நகம் பூட்டின்மேல் இருந்தது.

"தம்பி! கைய எடு!"

அவன் அப்படியே நின்றான். அவள் மஞ்சளை நீட்டினாள். "நேத்து நகல் உன் கையிலதான் இருக்கு. நான்தான் மாத்தி மாட்டிட்டேன்."

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவன் பச்சையை மெல்ல மேசைமேல் வைத்தான். முதலில் ஷெட்யூலை நிறுத்தினான். பிறகு பூட்டைத் தொடாமல் டேப்பை உள்ளே தள்ளினான், படிக்க மட்டும்.

மெஷின் உறுமிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துத் திரையில் பெயர்கள் வரத் தொடங்கின. மகனின் பெயரைக் கண்டதும் அவள் நடைவழிக்கு ஓடி வந்து புருஷனுக்குப் போன் போட்டாள்.

"இந்தாங்க, பிள்ளைய எழுப்பாதீங்க. இன்னொருக்கா குத்த வேணாம்."