ஒரு சாக்கு நித்யகல்யாணி

சுகன்யாவுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது வயது ஆறு. அப்பா காளியப்பன் ரிக் வண்டியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு போடப் போயிருந்தார். ஓமலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து சேலத்து ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் அம்மா பொன்னாயிதான்.

வாரம் ஒரு ஊசி. பிள்ளை தேறி வந்த சமயத்தில், ஒரு வாரம் அந்த ஊசி எங்குமே கிடைக்கவில்லை. மருந்துக் கடைகளில் கைவிரித்தார்கள். வாடிய முகத்தோடு நின்ற பொன்னாயியிடம் நர்ஸ் பேச்சுவாக்கில் சொன்னாள்: "நித்யகல்யாணின்னு ஒரு செடிம்மா. அதுலருந்துதான் இந்த மருந்தை எடுக்கறாங்க. இலை வரத்து குறைஞ்சா மருந்தும் குறைஞ்சுடுது."

பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி நர்ஸிடம் சொல்லிவிட்டு, பொன்னாயி அன்றே பஸ் ஏறி ஊருக்குப் போனாள். அவர்கள் பக்கம் அந்தச் செடிக்குப் பெயர் சுடுகாட்டு மல்லி. வீட்டுக்குள் யாரும் கொண்டுவர மாட்டார்கள். நோயாளிப் பிள்ளையிடம் போய் அதைக் கொண்டுபோகிறாளே என்று பார்த்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் சுடுகாட்டுக்குள் போய் ஒரு சாக்கு நிறையப் பிடுங்கி, மறுநாள் காலை சுகன்யா படுத்திருந்த வார்டில் கொண்டுவந்து இறக்கினாள்.

"ஏனுங்க டாக்டரு, இதுலதானுங்க அந்த மருந்து இருக்குது? பத்தலைன்னா இன்னும் பறிச்சுட்டு வாரேனுங்க."

டாக்டர் நவநீதகிருஷ்ணன் சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். "இதேதாம்மா. ஆனா ஒரு லாரி இலையைக் கொட்டினாலும் ஒரு சிட்டிகை மருந்துதான் தேறும். அதைப் பிரிச்செடுக்கப் பெரிய பேக்டரி வேணும். நீங்க கசாயம் கிசாயம் வெச்சுக் கொடுத்துடாதீங்க. விஷம்."

பொன்னாயி சரிங்க என்றாள். சாக்கை வெளியே இழுத்துப் போகும்போதுதான் அழுதாள். அடுத்த வாரம் ஊசி வந்துவிட்டது. சுகன்யா பிழைத்துக்கொண்டாள்.

வளர்ந்து உயிர்வேதியியல் படித்த சுகன்யா, சேலத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ரொட்டி உப்ப வைக்கிற ஈஸ்ட்டுக்குள் நித்யகல்யாணியின் மரபணுக்களை வைத்து, செடி செய்கிற வேலையை ஈஸ்ட்டைச் செய்யவைப்பதுதான் அவள் ஆராய்ச்சி. வெளிநாட்டில் ஏற்கெனவே செய்து காட்டியிருந்தார்கள். ஆனால் கிடைத்தது மிகச் சொற்பம். அதைக் கூட்ட முடியுமா என்று இவளும் சக ஆய்வாளர் தௌசீப்பும் வருஷக்கணக்காகப் போராடினார்கள். ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் ஈஸ்ட் செத்துப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தவள், "வேலையை விட்டர்லாம்னு இருக்கறம்மா. அந்த ஈஸ்ட் செத்துச் செத்துப் போகுது" என்றாள்.

பொன்னாயி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "ஏஞ்சாமி? செடி பண்றதை அது எதுக்குப் பண்ணோணும்?"

"மழை இல்லைன்னா இலை இல்ல. இலை இல்லைன்னா ஊசி இல்ல. அன்னைக்கு நீ சாக்கோட வந்து நின்னயே, அப்படி இன்னொருத்தி வந்து நிக்கக் கூடாதில்ல?"

பொன்னாயியின் கை நின்றது. "அன்னைக்கு நீ தூங்கறேன்னு நெனச்சனே."

"முழிச்சுட்டுத்தான் இருந்தேன்."

"அதை நெனச்சா எனக்கு இன்னும் வெக்கமா இருக்குது கண்ணு. ஒண்ணுந் தெரியாதவளாட்ட அத்தனை பேர் முன்னால கொண்டுபோய்க் கொட்டுனேன். உங்கப்பங்கிட்டக்கூடச் சொல்லல."

"நான் இந்தப் படிப்புக்கு வந்ததே அதனாலதாம்மா."

பொன்னாயி கீரைக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு மகளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தபோதுதான் இருவரும் எழுந்தார்கள்.

வேலையை விடவில்லை சுகன்யா. எல்லா மரபணுவையும் ஒரே ஈஸ்ட்டில் திணிக்காமல், மருந்தின் இரண்டு பாதிகளையும் இரண்டு ஈஸ்ட்களிடம் தனித்தனியாகச் செய்யச் சொல்லிப் பார்த்தாள். அந்த முறை ஈஸ்ட்கள் சாகவில்லை. கிடைத்த பாதிகளைத் தௌசீப் வேதிமுறையில் இணைத்தான். சோதனைக் கருவியின் திரையில், மருந்தின் அளவைக் காட்டுகிற, அதுவரை புல் மாதிரி தெரிந்த கோடு பனைமரமாக எழுந்து நின்றது. இருவரும் மறுபடி ஒரு தடவை சோதித்துப் பார்த்தார்கள்; கோடு அப்படியே எழுந்தது.

அந்த வாரமே அம்மாவை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தாள். "மாவு புளிச்சாப்பல வாசம் வருது" என்றாள் பொன்னாயி. பிறகு தௌசீப்பிடம், "ஏந் தம்பி, இதை இப்பவே கொழந்தைங்களுக்குப் போடலாமுங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் ரொம்ப வருஷம் ஆகும்மா. எத்தனையோ பரிசோதனை இருக்கு. ஆனா வழி கிடைச்சிருச்சு."

"ஆகட்டுமுங்க. பைய்யப் பண்ணுங்க."

ஈஸ்ட் வளர்கிற எஃகுக் கலனைத் தொடலாமா என்று கேட்டாள். சுகன்யா தலையாட்டினாள். பொன்னாயி அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இளஞ்சூடா இருக்குதே?"

"அந்தச் சூட்டுலதாம்மா அது நல்லா வளரும்."

பொன்னாயி கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.