சந்தனத்துக்கு அடியில் ஓர் எழுத்து

தாரணி மறுபடியும் ரீசெட் பட்டனை அமுக்கினாள்.

திரையில், மெஷினை எழுப்பிவிடும் லோடரின் நாலு வரிகள் ஓடின. 'கெர்னலுக்குள் போகிறேன்' என்றது கடைசி வரி. போனது. போனது போனதுதான்.

"வண்டி கீழே நிக்குதும்மா," என்றார் மேனேஜர் சந்தானம், லேப் வாசலில் நின்றபடி. "மத்தியானம் எம்.ஜி. ரோட்டுல டெமோ. இந்த டிக்கெட் மெஷின் எழுந்திருக்கலைன்னா ஆர்டர் வேற கம்பெனிக்கு. நம்ம டீமையே கலைச்சிடுவாங்க. நீ இன்னும் கன்ஃபர்ம் ஆகாத ஆளு, முதல்ல உன்னைத்தான் அனுப்புவாங்க."

"பத்து நிமிஷம் சார்."

"காலையில இட்லி சாப்பிடறப்பவும் இதையேதான் சொன்னே."

எங்கே சாகிறது என்று பார்க்க, மெஷினை ஓட்டும் மூல புரோகிராமான கெர்னலின் முதல் வரியிலேயே நிற்கும்படி டிபக்கரில் பிரேக்பாயிண்ட் வைத்திருந்தாள். அது நிற்கவே இல்லை. தன் விலாசம் சி-ஜீரோ என்று கெர்னல் நம்பிக்கொண்டிருக்கும். அது கற்பனை விலாசம். அதை நிஜ விலாசமாக மாற்றித் தர வேண்டிய எம்.எம்.யூ. ஆரம்பத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். அது விழிக்கும்வரை கணக்கு நம் தலையில்: சி-ஜீரோவைக் கழித்து, மெமரி சிப் நிஜமாக உட்கார்ந்திருக்கும் ஏ-ஜீரோவைக் கூட்ட வேண்டும். தாரணி கூட்டினாள். கால்குலேட்டரிலும் கூட்டினாள், கைவிரலிலும் கூட்டினாள்.

வேறு வழியில்லை. சந்தானம் கீழே போனதும் பெர்னார்டின் மொபைலுக்கு டயல் செய்தாள். மெஷினுக்குள் இருக்கும் இந்த போர்டை வடிவமைத்தவன். தீபாவளிக்கு முன்னாடியே வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டதால், சந்தானம் அவன் பேரை வாயில் எடுப்பதில்லை.

"இன்னா தாரணி, உயிரோட இருக்கியா?"

"நான் இருக்கேன். போர்டுதான் போயிடுச்சு." மடமடவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டெமோவை, கீழே நிற்கும் வண்டியை, தன் வேலையை.

அந்தப் பக்கம் யாரோ காபி வேண்டுமா என்று கேட்டது காதில் விழுந்தது. வேண்டாமென்று சொல்லிவிட்டு, பெர்னார்ட் போனோடு எங்கேயோ தள்ளி நடப்பது கேட்டது.

"எந்த போர்டு அது?"

"ஏ ரிவிஷன், பழைய டிசைன். பி இன்னும் ஃபேக்டரியிலேருந்து வரலியே."

"போர்டுல எழுதியிருக்கிறதைப் பார்த்துச் சொல்றியா, நீயா சொல்றியா?"

தாரணி குனிந்து பார்த்தாள். "எழுத்து தெரியல. மேல சந்தனம் இருக்கு."

"ஆயுத பூஜைக்கு வெச்சதா? யாரு கைவேலை?"

"நான்தான்."

"குங்குமமும்?"

"குங்குமமும்."

"நல்ல பக்தி. சுரண்டு."

நகத்தால் சுரண்டினாள். காய்ந்த சந்தனம் செதில் செதிலாக உதிர்ந்தது.

"பி," என்றாள்.

"பூஜைக்கு முன்னாடியே வந்திருக்கு, ஒருத்தரும் கவனிக்கல. பி-ல மெமரியை அடுத்த விலாசத்துக்கு மாத்திட்டேன். ஏ-ஜீரோ இப்போ காலி மனை. வீடு ஏ-ஃபோர்ல இருக்கு. நீ காலி மனையில நின்னு கதவைத் தட்டிக்கிட்டிருக்கே."

ஏ-ஃபோரைக் கூட்டி பிரேக்பாயிண்ட் வைத்தாள். கச்சிதமாக நின்றது. கெர்னலிலும் அந்த ஒரு எண்ணை மாற்றி, மறுபடி பில்ட் செய்து ஏற்றினாள். திரை நிறைய வரிகள் பாய்ந்து, கடைசியில் 'லாகின்' என்று வந்து நின்றது. மெஷின் எழுந்துவிட்டது.

"பெர்னார்ட், உங்களுக்கு நான் எப்படி..."

"ஃப்ரேசர் டவுன்ல ஒரு பிரியாணி. இப்போ கெளம்பு. ரிச்மண்ட் சர்க்கிள்ல ஜாம், வேற பக்கமா வரச் சொல்லு டிரைவரை."

வண்டியில் போர்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பிரியாணி போதுமா என்று யோசித்தபடியே வந்தாள். தாவிப்போன கம்பெனியில் அவனுக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும். போனை எடுக்காமலேகூட இருந்திருக்கலாம்.

எம்.ஜி. ரோடு. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ரிசப்ஷனுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள்.

சோபாவில், டை கட்டிக்கொண்டு, மடியில் ஒரு டிக்கெட் மெஷினோடு பெர்னார்ட் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும், உள்ளே போ என்பதுபோல் கண்ணால் கதவைக் காட்டினான்.

கூடவே வந்த சந்தானம் அவள் காதருகே குனிந்தார்.

"அவன் பக்கம் பார்க்காதே. நம்ம போர்டு எழுந்திருக்கலைன்னா ஆர்டர் அவனுக்குத்தான்னு சொல்லி, காலையிலேருந்து இங்கேயே உட்கார வெச்சிருக்காங்க."