டோவி வீட்டுக்குப் போகிற தண்ணீர்

டோவிக்குப் புது வீடு ஒதுக்கியாகிவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து என் வீட்டில் நிம்மதி போயிற்று. என் மனைவி ஆர்லெட்டாவுக்கு ஒரு பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைப்பது எப்படி என்பதே மறந்துபோனது. ரேடியோவில் யாராவது சிரித்தால் அவர்கள் மேலும் எரிந்து விழுந்தாள். நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. அதுதான் குற்றமாம்.

வீடு ஒன்றும் அரண்மனை இல்லை. எங்கள் செரோக்கிப் பழங்குடி நிர்வாகம் மலைச்சாலையின் கோடியில் கட்டிய செங்கல் வீடு. மூன்று படுக்கையறை, காற்று புகாத ஜன்னல், வெந்நீர் வருகிற குளியலறை. நாங்கள் இருப்பது ஒரு பழைய டிரெய்லரில், அதாவது சக்கரத்தின் மேல் வந்து இறங்கிய தகர வீட்டில். அதன் தரை ஒரு ஓரத்தில் இற்றுப்போய்விட்டது. மேலே பலகை போட்டு நடக்கிறோம். தண்ணீர் வேண்டுமென்றால் பிக்கப் வண்டியில் கேன்களை ஏற்றிக்கொண்டு ஊற்றுக்குப் போக வேண்டும். நிலம் ஆர்லெட்டாவின் அம்மா வழி நிலம். நான் வீட்டோடு மாப்பிள்ளை. என் பேச்சுக்கு அங்கே என்ன மதிப்பு என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டோவி ஆர்லெட்டாவின் சித்தி மகள். எங்களில் சித்தி மகள் என்றால் கூடப்பிறந்தவள்தான். வாசலில் வந்து நின்றால் உள்ளே வா என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. நகரத்தில் வேலை வாங்கித் தருகிறோம் என்று அரசாங்கம் பஸ் ஏற்றிவிட்ட கூட்டத்தில் அவளும் ஒருத்தியாக லாஸ் ஏஞ்சலஸ் போனாள். அங்கே புருஷன் இன்னொருத்தியோடு போய்விட்டான். மூன்று பிள்ளைகளையும் ஒரு உடைந்த டிவியையும் தூக்கிக்கொண்டு எங்கள் டிரெய்லருக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு குளிர்காலம் எங்களோடுதான் இருந்தாள். ஆர்லெட்டா தன் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு சோபாவில் படுத்தாள். நான் எங்கே படுத்தேன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லப்போவதில்லை.

அப்போதுதான் வீட்டுவசதி அலுவலகத்து அம்மா பார்வையிட வந்தாள். ஆர்லெட்டாவும் டோவியும் இரண்டு பேருமே வீட்டுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். அந்த அம்மா தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தாள், தரையில் படுத்திருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். சொந்த வீடே இல்லாமல் அடுத்தவர் இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பவர்களுக்குத்தான் முதலிடம் என்றாள். ஆர்லெட்டாவிடம், "உங்களுக்குத்தான் ஒரு வீடு இருக்கே. இவங்களுக்கு அடுத்தது நீங்கதான், கவலைப்படாதீங்க" என்றாள்.

அன்றைக்குப் பற்றிய தீ அது. "நான் இடம் குடுத்ததாலதான்யா அவளுக்கு வீடு" என்று என்னிடம் கத்தினாள் ஆர்லெட்டா. "அன்னைக்கே கதவைச் சாத்தியிருந்தா? அவளாவது, அவ வீடாவது! இந்தப் பொட்ட மலையில பொறந்து, இங்கயே குப்பை கொட்டினவ நான். கடலைப் பாத்துட்டு வந்த மகராணிக்கு முதலிடமாம்!" டோவி எத்தனை நாள்தான் இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள்? பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாதா கோயில் பின்னறைக்குப் போய்விட்டாள். அதற்கும் "பாத்தியா, வீடு வந்ததும் திமிர" என்றுதான் பேச்சு வந்தது.

இதற்கு நடுவில் குடிநீர்த் திட்டம் வந்தது. குழாயும் இன்ஜினியரும் நிர்வாகத்தின் பொறுப்பு, பள்ளம் தோண்டுவது ஊர்க்காரர்கள் பொறுப்பு. சாலையோரம் குச்சி நட்டு, இந்தக் குச்சியிலிருந்து அந்தக் குச்சி வரை உன் குடும்பம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். எங்கள் பங்குதான் கடைசிக்கு முந்தியது. அதைத் தாண்டினால் டோவியின் வீடு. தண்ணீர் இணைப்பு இல்லாமல் அந்த வீட்டில் குடியேற விடமாட்டார்கள். பனி விழுவதற்குள் குடியேறாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போகும். அடுத்த ஆள் யார் என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள்.

ஊரே தோண்டியது. எங்கள் பங்கில் மட்டும் புல்லைக்கூட யாரும் கிள்ளவில்லை.

"நமக்கும்தான் ஒரு குழாய் வருது ஆர்லெட்டா" என்றேன்.

"எனக்கு வேணாம். சாகுற வரைக்கும் கேன்லயே தூக்கிக்கிறேன். அவ வீட்டுக்குத் தண்ணி போகக்கூடாது, அவ்வளவுதான்."

"ஈனோஸ் கேட்டா என்ன சொல்றது?" ஈனோஸ் டீஹிதான் தோண்டுகிற வேலைக்கெல்லாம் தலைவர். பெரிய உடம்பு, பூனை மாதிரிக் குரல்.

"உடம்பு சரியில்ல, எழுந்திரிக்கவே முடியலன்னு சொல்லு. பொண்டாட்டியப் பாத்துக்கவே நேரம் சரியா இருக்குன்னு சொல்லு. சொல்லத் தெரியுமா, அதையும் நானே வந்து சொல்லணுமா?"

கடைவாசலில் ஈனோஸைப் பார்த்து அப்படியே சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "அடப்பாவமே, ஒரு வார்த்த முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒருத்தர் படுத்துவிட்டார் என்று சொல்வதும், எல்லாரும் வந்து அவர் வேலையைச் செய்யுங்கள் என்று சொல்வதும் ஒன்றுதான். அதற்குக் கடூகி என்று பெயர். கேட்கவும் வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம், வந்துவிடுவார்கள். பிறந்ததிலிருந்து கடூகியில் அடுத்தவர் விறகை வெட்டி, அடுத்தவர் சோளத்தை அறுத்தவள் ஆர்லெட்டா. அவளுக்கு அது எப்படி மறந்துபோனது? வயிற்றெரிச்சல் வந்தால் புத்தி வெளியே போய்விடும் போலிருக்கிறது.

சனிக்கிழமை காலையில் வரிசையாகப் பிக்கப் வண்டிகள் வந்து நின்றன. கடப்பாரை, பிக்காசு, மண்வெட்டி, பெரிய பெரிய சட்டிகள். பன்றிக்கறி வறுக்க வெளியே அடுப்பு மூட்டினார்கள். எல்லாருக்கும் முன்னால் இறங்கியவள் டோவி.

ஆர்லெட்டா ஜன்னலில் பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் விழுந்து போர்வையை இழுத்துக்கொண்டாள். "போய் அவங்கள அனுப்புய்யா!"

"என்ன சொல்லி அனுப்ப? குணமாயிடுச்சுன்னா?"

போர்வைக்குள்ளிருந்து ஒரு கெட்ட வார்த்தை மட்டும் வந்தது.

டோவி ஒரு கிண்ணத்தில் கனுச்சி கொண்டுவந்தாள். காட்டுக்கொட்டையை இடித்துக் காய்ச்சுகிற கஞ்சி அது, உடம்பு முடியாதவர்களுக்கு அதைவிட நல்லது எதுவும் கிடையாது. "அக்கா, எழுந்திரிக்காத. நான் ஊட்டி விடுறேன்" என்று கட்டிலில் உட்கார்ந்தாள். ஆர்லெட்டா வாயைத் திறந்தாள், வேறு வழி? கஞ்சி பிரமாதம் என்பது அவள் விழுங்குகிற அவசரத்திலேயே தெரிந்தது. தன்னுடைய கனுச்சியைவிட நன்றாக இருந்ததால் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. டோவி அதை வலி என்று நினைத்துக்கொண்டு நெற்றியைத் தடவிக் கொடுத்தாள்.

அன்று பகல் முழுக்க ஆர்லெட்டா பட்ட பாட்டை நான் எதிரிக்கும் நினைக்கமாட்டேன். எங்கள் மண்ணில் பாதி சக்கிமுக்கிக் கல். அதன் மேல் பிக்காசு விழுகிற சத்தமும் சிரிப்புச் சத்தமும் மாறி மாறிக் கேட்டன. போர்வை இடுக்கு வழியாக அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாரு அவ பிக்காசு புடிக்கிற லட்சணத்த. எல்லாரும் அவளையே புகழ்றாங்க. என் நிலத்துல நின்னுக்கிட்டு!"

"மெல்லப் பேசு, கேக்கப்போகுது."

"எனக்குத்தான வேலை செய்ய வந்தாங்க? ஒருத்தராவது உள்ள வந்து என்னைப் பாத்தாங்களா? டோவி டோவி டோவி. அவ ஒரு கல்லத் தூக்கினா அதுக்கொரு கைதட்டல்."

நான் வெளியே போய்த் தோண்டினேன். உள்ளே இருப்பதற்கு அது தேவலாம்.

சாப்பாட்டு நேரத்தில் டோவி ஒரு தட்டில் கறியும் பீன்ஸ் ரொட்டியும் எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே வந்தாள். நானும் கை கழுவ வந்திருந்தேன். அவள் இற்றுப்போன தரையைப் பார்த்தாள், பிறகு தட்டைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நேத்து நான் வீட்டுவசதி ஆபீசுக்குப் போயிருந்தேன். அந்தம்மாகிட்ட பேசிட்டேன்."

ஆர்லெட்டா போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள்.

"நோயாளி ஒருத்தி இந்த ஓட்டைத் தகரத்துல குளிர்காலத்தக் கழிக்க முடியாதுன்னு சொன்னேன். அந்த வீடு உனக்குக்கா. நான் விட்டுக் குடுத்துட்டா அடுத்தது நீதானாம், அந்தம்மாவே சொன்னாங்க. திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடுறேன்னு சொல்லியிருக்கேன். நீயும் அத்தானும் அங்க போங்க. நானும் புள்ளைங்களும் இங்க இருந்துக்கிறோம்."

செங்கல் வீடு! வெந்நீர்! அரை நாள் போர்வைக்குள் படுத்துக் கிடந்தால் போதும் என்று எனக்கே தெரிந்திருந்தால் நான் எப்போதோ படுத்திருப்பேன். ஆர்லெட்டாவைப் பார்த்தேன். சரி என்று சொல், ஒரு வார்த்தை சொல் என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அவள் முகம் சிவந்துகொண்டே போனது. "இத வெளிய யாருகிட்டயாவது சொல்லிட்டியா?"

"ஈனோஸ்கிட்ட மட்டும் சொன்னேன். அழுதுட்டாரு பாவம்."

"அழுதுட்டாரா?"

"டோவி மாதிரி மனசு யாருக்கு வரும்னு சொல்லிட்டு அழுதாரு."

அவ்வளவுதான். போர்வை ஒரு பக்கம் பறந்தது, கஞ்சிக் கிண்ணம் இன்னொரு பக்கம் உருண்டது. இரவு உடையோடு, வெறுங்காலோடு ஆர்லெட்டா கட்டிலிலிருந்து குதித்தாள். டோவி பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் தடுக்கப் போவதற்குள் அவள் வாசலைத் தாண்டி, ஈனோஸ் கையிலிருந்த பிக்காசைப் பிடுங்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கிவிட்டாள்.

முதல் வெட்டில் நெருப்புப் பறந்தது. ரொட்டியை வாயில் வைத்தவர்கள் மெல்லவில்லை.

"கனுச்சி நல்லா வேலை செய்யுது" என்றார் ஈனோஸ் தன் பூனைக் குரலில்.

"எனக்கு ஒரு நோயும் இல்ல!" என்று கத்தினாள் ஆர்லெட்டா. "தலைவலிகூட இல்ல. அவ வீட்டுக்குத் தண்ணி வரக்கூடாதுன்னு படுத்துக் கிடந்தேன். கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?"

டோவி ஓடி வந்து பள்ளத்தின் விளிம்பில் நின்றாள். "அப்போ நேத்து நான் ஆபீஸ்ல... அக்கா, உனக்கு அந்த வீடு வேணும்தான?"

"வேணும். ராத்திரி பகலா அதே நெனப்புதான். ஆனா நீ குடுத்து எனக்கு வேணாம். நீ தானம் பண்ணிட்டு என் டிரெய்லர்ல உக்காந்துக்குவ, ஊரே உன்னத் தேவதைங்கும். நான் செங்கல் வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, பிச்சை வாங்கினவன்னு பேர் வாங்கணுமா? முடியாதுடி. உன் வீட்டுல நீயே போய் இரு. தண்ணி நான் கொண்டுவர்றேன்."

சிரிப்பை முதலில் ஆரம்பித்தது யார் என்று தெரியவில்லை, ஆனால் எல்லாரும் சிரித்தார்கள். ஈனோஸ் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். எங்கள் ஆட்கள் மன்னிக்கிறோம் என்று வாயால் சொல்லமாட்டார்கள், கிண்டல்தான் செய்வார்கள். பொய்க்காரியின் பங்கில் நமக்கென்ன வேலை என்று சட்டிகளையும் கறியையும் தூக்கிக்கொண்டு அடுத்த குச்சிக்கு நகர்ந்தார்கள். போகிற போக்கில் ஒவ்வொருவரும் "உடம்பைப் பாத்துக்க ஆர்லெட்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் ஒவ்வொருவருக்கும் ஒரு திட்டு கொடுத்தாள்.

மிச்சப் பங்கை அவளும் நானும்தான் தோண்ட வேண்டும். டோவி மட்டும் போகவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் இறங்கினாள். கொஞ்ச நேரம் மண்ணை அள்ளினாள். பிறகு ஆர்லெட்டாவுக்குக் கேட்காமல், "அத்தான், ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லும்மா."

"குடுத்துடணும்னு நிஜமாத்தான் நெனச்சேன். ராத்திரி பூரா அழுதுட்டுத்தான் முடிவு பண்ணேன். ஆனா அக்கா வேணாம்னு கத்துச்சு பாருங்க... அப்பாடான்னு இருந்துச்சு. புள்ளைங்கள எங்க படுக்க வைக்கிறதுன்னு இனிமே யோசிக்க வேணாம்ல. தப்பா அத்தான்?"

"தப்பே இல்ல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆர்லெட்டாவின் பக்கத்தில் போய் நின்றாள். ஆர்லெட்டா அவளைத் திட்டினாள், அவள் ஏதோ பதில் சொன்னாள். பிறகு இரண்டு பேரும் என் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்திக்கு வீடு கிடைத்துவிட்டது. இன்னொருத்திக்கு வீட்டை வேண்டாம் என்று தூக்கி எறிந்த கெத்து கிடைத்துவிட்டது. நாளைக்கு ஊரெல்லாம் அதைத்தான் பேசும்.

எனக்கும் அந்த வீட்டின் மேல் ஆசை இருந்தது. நேராக நிமிர்ந்து நின்று வெந்நீரில் குளிக்க வேண்டும் என்று ஆசை இருந்தது. உனக்கு வேண்டுமா லைமன் என்று அந்தக் கட்டிலைச் சுற்றி இருந்தவர்களில் ஒருத்தியாவது கேட்டாளா? அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. குனிந்து, டோவியின் வீட்டுத் தண்ணீருக்காக அடுத்த கல்லைப் பெயர்த்தேன்.